ழ இல்லாத ஏழுமலை

“உன் பேரு இன்னா?”

கேட்டவருக்கு முப்பது வயது இருந்தால் அதிகம். என் நைனாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. கும்மிடிப்பூண்டிப் பக்கம், ஆந்திரா எல்லையை ஒட்டிய எங்கள் ஊர்களில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு நாற்காலி இருந்தது. இந்தப் பக்கம் ஒன்றுமில்லை. நைனா செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்திருந்தார். யாரும் கழற்றச் சொல்லவில்லை. அந்த ஆபீசுக்குள் மற்ற எல்லோரும் செருப்போடுதான் நின்றுகொண்டிருந்தார்கள்.

“ஏயுமலங்க,” என்றார் நைனா.

கிராம நிர்வாக அலுவலர் இரண்டு தாள்களைத் தூக்கிக் காட்டினார். ஒன்று என் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல். அதில் தகப்பனார் பெயர் ஆங்கிலத்தில் ‘எல்’ போட்டு, எலுமலை. இன்னொன்று என் விமானப்படை ஆவணம். அதில் ‘இசட் ஹெச்’ போட்டு, ஏழுமலை.

“இதுல எலுமலைன்னு கீது. அதுல ஏழுமலைன்னு கீது. நீ ஏயுமலைன்ற. மூணு பேரா நீ?”

பின்னால் வருமானச் சான்றுக்காக நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். நைனாவும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார். அவர் சிரித்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

“மரியாதையா கேளுங்க,” என்றேன். “உங்க அப்பா வயசு அவருக்கு.”

“மேடம், நான் இன்னா கேட்டுட்டேன் இப்ப? பேர்தானே கேட்டேன்.”

பேர்தான் கேட்டார். அந்த வாரம் என் பிழைப்பு முழுக்க அந்தப் பேரில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

சட்டையில் ஒரு பெயர்

நம் ஊரில் ஒரு மனுஷிக்கு ஒரு பெயரும் முன்னால் ஓர் எழுத்தும் இருந்தால் போதும். நான் ஏ. கலைவாணி. பிறந்ததிலிருந்து கல்லூரி முடிக்கும் வரை அப்படித்தான் இருந்தேன், எந்தக் குறையும் இல்லை.

விமானப்படையில் சேரும்போது ஒரு படிவம் தந்தார்கள். அதில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். காலியாக விட்டேன். திருப்பித் தந்துவிட்டார்கள். குடும்பப் பெயர் இல்லாமல் உலகத்தில் ஆள் உண்டா என்று மேசையில் இருந்தவர் இந்தியில் கேட்டார். ஓர் எழுத்தை விரித்து நைனாவின் பெயரை எழுதிக் கொடுத்தேன்.

அன்றோடு கலைவாணி காணாமல் போனாள். சட்டையில் குத்திய பெயர்ப் பட்டையில் ஏழுமலை மட்டும்தான். வடக்கத்திக்காரர்கள் வாயில் அது நுழையவில்லை. ‘எஸுமலாய்’ என்றார்கள், ‘எஜுமல்’ என்றார்கள், கடைசியில் சோம்பேறித்தனத்தில் ‘ஈஸி’ என்று சுருக்கிவிட்டார்கள். பதினான்கு வருடமும் நான் ஈஸிதான். எதுவும் எனக்கு ஈஸியாக இருந்ததில்லை என்பது வேறு விஷயம்.

பயிற்சி முடிந்து அணிவகுப்பு நடந்த அன்று, நைனா ரயிலேறி ஹைதராபாத் வந்திருந்தார். அதற்கென்றே ஒரு வெள்ளைச் சட்டை வாங்கிப் போட்டிருந்தார். அணிவகுப்பு முடிந்து கிட்டே வந்தவர் என் சட்டையையே பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் படிக்க வராது.

“இன்னாம்மா எழுதிகீது?”

“உன் பேரு, நைனா.”

“என் பேரா? இன்னாத்துக்கு?” பட்டையைத் தொட்டுப் பார்த்தார். “வேற யாருதுனா மாட்டிக்கினு வந்துட்டியா? நல்லா பாரு.”

அவர் அப்படிக் கேட்டதில் அதிசயம் ஒன்றுமில்லை. அவர் பெயரை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதே கிடையாது. இளவயதில் ஊருக்குள் பெரிய வீட்டு வயலில் வேலை. அங்கே அவருக்குப் பெயர் ‘டேய்’. பிறகு தொழிற்பேட்டையில் கம்பி உருட்டும் மில்லில் ஒப்பந்தக் கூலி. அங்கே டோக்கன் நம்பர். என் அம்மா அவரைக் கூப்பிட வேண்டுமென்றால் ‘இந்தாய்யா’ என்பாள், இல்லாவிட்டால் பாத்திரத்தைச் சத்தமாக வைப்பாள். அந்தப் பெயரைத்தான் நான் சட்டையில் குத்திக்கொண்டு பறந்தேன். எனக்கு அதில் கொள்ளைப் பெருமை, மறைக்க ஒன்றுமில்லை.

ஒரு வாசகருக்கு

போன வாரம் இந்தப் பத்தியில், யூனிபாரத்தை மடித்துப் பெட்டியில் வைத்ததை எழுதியிருந்தேன். ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். “மக்கள் வரிப்பணத்தில் பறக்கக் கற்றுக்கொண்டு, கொழுத்த சம்பளத்துக்காகத் தனியார் விமானத்துக்கு ஓடிவிட்டீர்களே, வெட்கமாக இல்லையா?”

ஐயா, நான் ஓடவில்லை. என்னைச் சேர்த்த தாளிலேயே பதினான்கு வருடம் என்று எழுதியிருந்தது. பதினான்கு முடிந்ததும் விருந்து வைத்தார்கள், கை குலுக்கினார்கள், மரப்பலகையில் பதித்த ஒரு கேடயம் கொடுத்தார்கள். மறுநாள் வாசல் காவலாளி என் பழைய அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார். எனக்கு ஓய்வூதியம் கிடையாது. வயது முப்பத்தாறு. எனக்குத் தெரிந்தது ஒரே வேலை, அது தரையில் செய்கிற வேலை இல்லை. என்னை என்ன செய்யச் சொல்கிறீர்கள்? கேடயத்தைச் சுவரில் மாட்டிவிட்டு அதன் கீழே உட்கார்ந்திருக்கவா?

வீட்டில் உட்கார்ந்து பேசுகிறவர்கள் எல்லாம் பட்டாளத்துக்காரர்களைப் பற்றி இப்படித்தான் பேசுகிறார்கள். உள்ளே இருக்கும் வரை சல்யூட். வெளியே வந்து சோற்றுக்கு வழி தேடினால் துரோகி. எனக்கு இதைக் கேட்டால் பற்றிக்கொண்டு வருகிறது. கடிதம் எழுதியவர் முகவரி தராமல் விட்டது அவருக்கு நல்லது.

அவள் யார்?

ஆனால் ஓடிப்போவது அத்தனை சுலபமும் இல்லை. படையில் எத்தனை வருடம் பறந்திருந்தாலும், பயணிகள் விமானம் ஓட்டத் தனி லைசென்ஸ் வேண்டும். அதற்குப் பரீட்சை எழுத வேண்டும். வானிலைப் பரீட்சையில் இடிமேகத்தைப் பற்றி ஒரு கேள்வி, நான்கு விடைகள், ஒன்றைத் தேர்ந்தெடு. வடகிழக்கு மலைகளில் அந்த இடிமேகத்துக்கு நடுவே, பின்னால் அரிசி மூட்டையும் சிப்பாய்களுமாக, இரண்டு இன்ஜின் சரக்கு விமானத்தை இறக்கியவள் நான். இருந்தாலும் எழுதினேன். எங்கள் வீட்டில் உட்கார்ந்து படித்தேன். மில் தூசி புத்தகத்தின் மேல் கறுப்பாகப் படியும், ஊதிவிட்டுப் படிப்பேன். எல்லாப் பரீட்சையும் பாஸ்.

அடுத்தது பறந்த மணிக்கணக்கு. ஒரு விமானிக்கு அதுதான் சொத்து. ஒவ்வொரு முறை பறந்ததும் பதிவேட்டில் ஏறும். எல்லாவற்றையும் கூட்டி படை ஒரு சான்று தரும். அதைப் பார்த்துத்தான் லைசென்ஸ், அந்த லைசென்ஸைப் பார்த்துத்தான் விமான நிறுவனத்தில் வேலை.

ஒரு நிறுவனம் என்னை எடுக்கச் சம்மதித்து, பயிற்சிக் குழுவில் இடமும் ஒதுக்கிவிட்டது. அந்த உலகத்தில் வயதுக்கோ பழைய பதவிக்கோ மதிப்பில்லை, சேர்ந்த தேதிதான் எல்லாம். ஒரு நாள் முன்னால் சேர்ந்த இருபத்திரண்டு வயதுப் பையன் எனக்கு ஆயுசுக்கும் சீனியர். அதையும் விழுங்கிக்கொண்டேன். இந்தக் குழுவை விட்டால் அடுத்தது எப்போது என்று அவர்களுக்கே தெரியாது.

அப்போதுதான் லைசென்ஸ் தரும் அலுவலகத்திலிருந்து என் விண்ணப்பத்துக்குப் பதில் வந்தது. மதிப்பெண் பட்டியலில் உள்ளவர் எலுமலையின் மகள். மணிக்கணக்குச் சான்றில் உள்ளவர் கலைவாணி ஏழுமலை. இருவரும் ஒருவரே என்பதற்குத் தகுந்த சான்று மூன்று வாரத்துக்குள் வராவிட்டால், பறந்த நேரங்களைக் கருத்தில் கொள்ள இயலாது.

இயலாதாம். மலை இடுக்கில் மேகம் மூடி, ஓடுதளம் எங்கே என்று தெரியாமல் மூன்று முறை சுற்றிய அன்று விமானத்தைத் திருப்பியதே ஒரு கை, அது யார் கை? எலுமலை மகளின் கையா, ஏழுமலை மகளின் கையா? அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நடு வீட்டில் நின்று கத்தினேன். அம்மா கதவைச் சாத்தினாள்.

இரண்டும் என் கையெழுத்து

முதலில் பள்ளிக்கூடத்தின் மேல்தான் பாய்ந்தேன். எந்த வாத்தியார் எழுதிய எழுத்து இது, ஒரு பிள்ளையின் அப்பா பெயரைக்கூட ஒழுங்காக எழுதத் தெரியாதா என்று தலைமையாசிரியை மேசை முன்னால் நின்று பொரிந்து தள்ளினேன். அவர் பாவம், பீரோவைத் திறந்து பழைய கட்டு ஒன்றை அவிழ்த்தார். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு மாணவிகளே நிரப்பிக் கொடுத்த படிவங்கள். என்னுடையதை எடுத்து என் முன்னால் வைத்தார்.

குண்டு குண்டாக, பச்சை மையில், என் கையெழுத்து. எலுமலை.

ஞாபகம் வந்துவிட்டது. வீட்டில் இருக்கும் ஏதாவது ஆவணத்தைப் பார்த்து அப்பா பெயரை ஆங்கிலத்தில் எழுதி வரச் சொன்னார்கள். எங்கள் வீட்டில் ஆங்கிலத்தில் இருந்த ஒரே தாள் நைனாவின் மில் கேட் பாஸ். ஒப்பந்தக்காரர் அதில் எப்படி எழுதியிருந்தாரோ அப்படியே பார்த்து எழுதினேன். அச்சடித்தது தப்பாக இருக்காது என்று நினைத்த வயது.

கல்லூரிக்குப் போனபின்தான் ழ-வுக்கு ‘இசட் ஹெச்’ போட வேண்டும் என்று தெரிந்தது. படையின் படிவத்தில் அதைத் திருத்தி எழுதும்போது, ஒப்பந்தக்காரன் கெடுத்ததை நான் சரிசெய்துவிட்டேன் என்று ஒரு திமிர். பழைய பட்டியலையும் மாற்ற வேண்டுமே என்ற புத்தி வரவில்லை. ஆக, திட்டுவதற்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. தலைமையாசிரியையிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன், அதையும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் கேட்டேன்.

எடுத்துடலாமே

படையை விட்டு வருகிறவர்களுக்கு இந்தத் தாள் வேலைகளைச் செய்து தரும் ஆலோசகர் ஒருவர் சென்னையில் இருந்தார். போனில் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பேசினேன்.

“மேடம், இது ஒரு மேட்டரே இல்ல. ஏழுமலைங்கிற பேரை இனிமே யூஸ் பண்ணலைன்னு ஒரு அஃபிடவிட் குடுத்துடுங்க. மார்க் ஷீட்ல இருக்கிற மாதிரி வெறும் கலைவாணி, இனிஷியலோட. அந்தப் பேர்லயே சான்றை மாத்தி வாங்கிடலாம். ஒரு வாரம்.”

“இன்னொரு வழி?”

“ரெண்டு பேரும் உங்க அப்பா ஒருத்தரோடதுதான்னு உங்க ஊர் ஆபீஸ்ல விசாரிச்சு சான்று வாங்கணும். அது இழுக்கும் மேடம். எதுக்கு வம்பு? அப்பா பேருதானே, எடுத்துட்டா என்ன?”

நைனா சுவரோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். போனை வைத்ததும் சொன்னார், “அவரு சொல்றது கரெக்ட்டுதாம்மா. எடுத்துடு. அந்தப் பேர வெச்சிக்கினு நானே இன்னா பண்ணேன்?”

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. யார் வேண்டுமானாலும் எடுத்துவிடலாம் என்று சொல்கிற ஒரு பெயர். சொந்தக்காரரே சொல்கிறார். “எடுக்க மாட்டேன். இந்தப் பேச்ச இதோட வுடு,” என்றேன். மறுநாள் காலையில் அவரைக் கூட்டிக்கொண்டு அந்த ஆபீசுக்குப் போனேன்.

மறுபடி அந்த மேசை

மூணு பேரா நீ என்று கேட்டதற்கு எழுந்த சிரிப்பு அடங்கியபின், அந்த அலுவலர் கொஞ்சம் இறங்கி வந்தார். அவர் கெட்ட மனுஷன் இல்லை. நாலு பேரிடம் அப்படிப் பேசிப் பழகிவிட்டவர்.

“மேடம், நான் எழுதிக் குடுக்கறதுக்கு ஊர்ல ஒரு சாட்சி வோணும். இவரு சின்ன வயசுலேர்ந்து தெரிஞ்ச ஆளா.”

“எங்க காலனில எல்லாருக்கும் தெரியும். நூறு பேரக் கூட்டியாரேன்.”

“அது இல்ல மேடம். நாளைக்கு யாருனா கேட்டா நான் பதில் சொல்ணும். ஊர்ல மதிப்பான ஆளா வோணும்.” நைனாவைப் பார்த்தார். “நீ பெரிய ஊட்டு நெலத்துலதான வேல செஞ்ச? அவராண்ட ஒரு வார்த்த எழுதி வாங்கியாந்துடு. முடிஞ்சிச்சி.”

பெரிய வீட்டுக்காரர் என்றால் நைனா உழுத நிலத்தின் சொந்தக்காரர் மகன். அவர் பெயரை எழுத எனக்கு மனமில்லை. என் நைனாவைவிடப் பத்து வயது சின்னவர். சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே நைனாவை ‘டேய்’ என்று கூப்பிட்டவர், இப்போதும் அப்படித்தான் கூப்பிடுகிறார்.

“சரிங்க,” என்றார் நைனா.

அந்த ‘சரிங்க’வில் எனக்குக் கண்மண் தெரியவில்லை. மேசையில் அடித்தேன். என் அப்பா யார் என்று சொல்ல அவர் யார் என்று கேட்டேன். நூறு தொழிலாளிகள் சொன்னால் செல்லாது, அவர் ஒருவர் சொன்னால் செல்லுமா என்று கேட்டேன். நான் எந்தப் பதவியில் இருந்தேன் தெரியுமா என்றுகூடக் கேட்டுத் தொலைத்தேன். நான் வெறுக்கிற வசனம் அது.

அலுவலர் தாள்களை அடுக்கித் திருப்பித் தந்தார். “நீங்க பிளேன் ஓட்டலாம் மேடம். இங்க எல்லாருக்கும் ரூல் ஒண்ணுதான்.”

நைனா என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு, லாரிகள் போகும் சாலையோரம் நின்று டீ வாங்கிக் கொடுத்தார்.

“கோவப்பட்டு இன்னா ஆவப்போவுது? ஒரு எட்டு போய்ட்டு வந்துட்றேன்.”

“போகக் கூடாது. நீ அங்க போய் நின்னின்னா எனக்கு இந்த வேலையே வாணாம்.”

அவர் டீயைக் குடித்து முடித்தார். பெயரையும் எடுக்க மாட்டேன், அங்கேயும் போகக் கூடாது. கெடுவுக்கு ஒன்பது நாள் இருந்தது. அப்படி ஒரு ரோஷம் எனக்கு.

வெள்ளைச் சட்டை

அதற்கு மூன்றாம் நாள் மதியம். மாவட்ட அதிகாரிக்கு நான்கு பக்கத்துக்கு ஒரு புகார் மனு எழுதிக்கொண்டிருந்தேன். நைனா உள்ளே வந்தார். அணிவகுப்புக்கு வாங்கிய அதே வெள்ளைச் சட்டை. கையில் பிளாஸ்டிக் கவர். அதிலிருந்து ஒரு தாளை எடுத்து என் மனுவின் மேல் வைத்தார்.

“மேற்படி நபரைச் சிறு வயது முதல் எனக்கு நன்கு தெரியும். எலுமலை என்பவரும் ஏழுமலை என்பவரும் ஒருவரே.” கீழே பெரிய வீட்டுக்காரரின் கையெழுத்து. அதற்கும் கீழே அலுவலரின் முத்திரை.

“போனியா?”

“போனேன்.”

“எங்க நின்ன?”

“எங்கன்னா? மாட்டுக் கொட்டாயாண்டதான். எப்பவும் நிக்கற எடம்.” என் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சொன்னார், “நல்லாத்தாம்மா பேசுனாரு. காபி குடுக்கச் சொன்னாரு. நான்தான் வாணான்ட்டேன்.”

அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே சிரித்தார்.

“ஒரு கூத்து தெரியுமா? பேனாவ எடுத்துட்டாரு, எழுதப் போறாரு. எழுதப் போனவரு நிமிந்து பாத்து கேக்கறாரு, ‘டேய், உன் பேரு இன்னாடா?’ன்னு.”

அந்தத் தாளைக் கிழித்தேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். கிழிக்கவில்லை. பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் எடுத்து அன்றைக்கே அனுப்பினேன். நான்காம் நாள் பதில் வந்தது. என் மணி நேரங்கள் எல்லாம் என்னுடையவைதான் என்று ஏற்றுக்கொண்டார்கள். என் நைனாவின் பெயர்கூடத் தெரியாத ஒருவர், அவரை நன்கு தெரியும் என்று எழுதிக் கொடுத்ததால் ஏற்றுக்கொண்டார்கள். லைசென்ஸ் வந்தது. குழுவில் சேர்ந்தேன். என் ரோஷத்துக்கு நான் ஒரு நாள்கூட வேலை இழக்கவில்லை. மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய் நின்றது அவர்தான்.

இப்போது பயணிகள் விமானத்தில் பறக்கிறேன். கொஞ்ச நாள் முன்பு, ஒரு விமான நிலையத்தில் அடுத்த பயணத்துக்குக் காத்திருந்தபோது நைனா போன் செய்தார். குரலில் ஒரு உற்சாகம். டீக்கடையில் பெரிய வீட்டுக்காரரைப் பார்த்தாராம். அங்கே இருந்த எல்லோரிடமும் அவர் சொன்னாராம், “நம்ம ஏயுமல பொண்ணு பிளேன் ஓட்டுதுன்னா, அது நம்ம கையெழுத்துலதான்.”

“நீ இன்னா சொன்ன?” என்று கேட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் கேட்டேன்.

“நான் இன்னா சொல்றது?” என்றார் நைனா. “பேரு சொல்லிச் சொன்னாரும்மா. எல்லாருக்கும் எதிர்ல, ஏயுமலன்னு.”

போனை வைத்துவிட்டேன். அடுத்த விமானத்தை எடுக்க நேரமாகிவிட்டது. சட்டையில் ஏழுமலை என்ற பெயர்ப் பட்டை நேராக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு நடந்தேன்.